ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் உதவுங்கள்: 'ரிவார்ட்ஸ்' என்பதற்கு எந்தச் சொல்?

வணக்கம். மார்த்தாண்டத்தில் எங்கள் அக்கா தேன் விற்கிறார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற தேன்தான். ஜப்பானில் வாங்குபவர்களுக்காக அவருடைய இணையக் கடையை ஜப்பானிய மொழியில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி வாங்குபவருக்குப் புள்ளிகள் சேர்ந்து கிடைக்கும் 'ரிவார்ட்ஸ்'தான் பிடிபடவில்லை.

அகராதியில் முதலில் வருவது ஹோஷூ. அது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். தேன் வாங்கியவருக்குக் கூலி கொடுப்பதுபோல் ஆகிவிடும். கோஹோபி என்றால் பிள்ளை நன்றாகப் படித்ததற்குப் பெரியவர்கள் வாங்கித் தருவது. உறுப்பினர்களுக்குக் கடைகள் தரும் சலுகைக்குத் தொகுதென் என்கிறார்கள், எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. இல்லை, ஆங்கில ஒலியையே, பிறமொழிச் சொற்களை எழுத ஜப்பானியர்கள் பயன்படுத்தும் கதகனா எழுத்தில் ரிவாடோ என்று எழுதிவிடலாமா? வயதானவர்களுக்கும் பார்த்ததும் புரிய வேண்டும்.

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்திலிருந்து போய் ஜப்பானில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால், அங்கே கடைகளில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்களேன்.