மோங் கத்தியும் மர உறையும்: 350 வெள்ளிக்குத் தகுமா, எதைப் பார்ப்பது?

தோட்டப்புறம்:
வணக்கம். மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட்டில் பழைய சாமான் கடையில் ஒரு மோங் கத்தி (மோங் என்னும் மலைவாழ் மக்கள் செய்வது) விற்பனைக்கு இருக்கிறது. வியட்நாம் லாவ் காய் மலைப்பக்கத்துச் சரக்காம். நூறு வருஷப் பொருள் என்று சொல்லி 350 வெள்ளி கேட்கிறார்கள். அலகு 9 அங்குலம், ஒரு பக்கக் கூர். பிடி மரம், கழுத்தில் பித்தளைப் பூண். உறை இரண்டு பாதி மரத்தைச் சேர்த்து ஐந்து அலுமினிய வளையம் போட்டது. உருவக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, உறைவாயில் கறுப்புக் கறை வேறு. வாங்கினால் பின்கட்டில் வாழை, புதர் வெட்டவும் எடுப்பேன். கடையில் நின்றபடியே, பொருளுக்குச் சேதமில்லாமல் என்னென்ன சோதிக்கலாம்?

கொல்லுலை:
முதலில் அந்த நூறு வருஷக் கதை. நூறு வருஷம் முந்தைய மலைக் கொல்லன் உறைக்கு அலுமினிய வளையம் போட்டிருப்பான் என்பதை நான் நம்பமாட்டேன். பக்கத்து நாடான லாவோஸில் 1964 முதல் 1973 வரை விழுந்த குண்டுகளின் உலோகத்தை உருக்கி இன்றும் கரண்டி வார்க்கிறார்கள், அந்த மலைகளில் அலுமினியம் தாராளமாகப் புழங்கியது அதற்குப் பிறகுதான். கடைக்காரர் "வளையம் மட்டும் பிறகு மாற்றியது" என்று சொல்லலாம். அப்படியானால் மரத்தில் பழைய வளையம் அழுத்திய தடம் வேறு அகலத்தில் தெரிய வேண்டும். தடமே இல்லையென்றால் வளையமும் உறையும் ஒரே வயசு.

அலகும் சாட்சி சொல்லும். இன்றைய மோங் கொல்லர்கள் பெரும்பாலும் லோரி ஸ்பிரிங் பட்டையைத்தான் அடிக்கிறார்கள். அது குறையில்லை, நல்ல எஃகு. அடித்துச் செய்ததா, பட்டையை வெறுமனே அறுத்துத் தேய்த்ததா என்பதுதான் கேள்வி. முதுகுத் தடிப்பைக் கேலிப்பரால் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: பூணுக்கு அருகே, நடுவில், நுனிக்கு ஓர் அங்குலம் முன்னால். அடித்த கத்தியில் 5 மி.மீ.யில் தொடங்கி 2, 2.5 வரை படிப்படியாக மெலியும். மூன்று இடத்திலும் ஒரே 3 மி.மீ. வந்தால் அநேகமாகச் சுற்றுலாச் சந்தைச் சரக்கு, அதற்கு 350 அதிகம்.

அடுத்தது துவைச்சல், அதாவது காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினமாக்குவது. கடைக்காரர் சம்மதித்தால் புது அரத்தின் முனையைக் கைப்பிடிக்கு அருகே கூரில் ஓரிடத்தில் மட்டும் மெல்ல இழுங்கள், பிறகு முதுகில். கூரில் அரம் சறுக்கப் பார்த்துக் கொஞ்சமாகக் கடித்து, முதுகில் நன்றாகக் கடித்தால் கூரை மட்டும் துவைத்திருக்கிறார்கள், வெட்டுக்கத்திக்கு அதுதான் சரி. கூரிலும் வெண்ணெயாகக் கடித்தால் துவைச்சலே பிடிக்கவில்லை. கூரில் கொஞ்சமும் கடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கினால் துவைத்தபின் இளஞ்சூட்டில் வாட்டாமல் விட்டிருக்கலாம், கணுவில் பட்டதும் சில்லு தெறிக்கும். ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் துவைத்தால் மயிர்க்கோடு விரிசல் விழுவதும் உண்டு. விளக்கொளியில் கூரின் பக்கவாட்டைச் சாய்த்துப் பாருங்கள், கூரிலிருந்து மேலே ஏறும் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் வேண்டாம்.

சாணை உருளையில் தேய்த்தபோது நுனி நீலமாகியிருந்தால் அந்த இடம் தன் கடினத்தை இழந்துவிட்டது. நீலத்தைத் தேய்த்து மறைக்கலாம், ஆனால் முதல் வாரத்திலேயே நுனி மழுங்குவதில் தெரிந்துவிடும்.

மரச்சட்டம்:
கத்தியைப் பற்றி அவர் சொல்லிவிட்டார், நான் உறைக்கு வருகிறேன். இந்த வகையில் பாதிப் பேர் ஏமாறுவது உறையில்தான்.

இறுக்கத்துக்குக் காரணம் நம் ஊர் ஈரம். மலைநாட்டு வறண்ட பருவத்தில் குடைந்த மரம் பேராக் காற்றில் வீங்குகிறது. உலோக வளையம் விட்டுக்கொடுக்காது, ஆகவே வீக்கம் உள்பக்கம் போய் அலகைக் கவ்வும். வாங்கின கையோடு உள்ளே உப்புத்தாள் போடாதீர்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வைத்துவிட்டுப் பாருங்கள். இறுக்கம் தளர்ந்து வளையமும் ஆட ஆரம்பித்தால் மரத்தில் குறையில்லை.

அப்படியும் கவ்வினால் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெழுகுவர்த்திப் புகைக்கரியை அலகில் மெலிதாகத் தடவுங்கள் (விரலால்தான், அலகைத் தீயில் காட்டக்கூடாது). நேராகச் செருகி நேராக உருவுங்கள். கரி அழிந்த இடமே உரசும் இடம். முதுகோ பக்கவாட்டோ உரசினால் சரிசெய்யலாம். கூர் உரசியிருந்தால் ஒவ்வொரு முறையும் கத்தி உறையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாளடைவில் இரண்டு பாதியும் சேரும் கோடு வழியாகக் கூர் வெளியே வரும். உறையைப் பிடித்திருக்கும் விரல்கள் அங்கேதான் இருக்கும்! மோங் உறை எதையுமே கூர்ப்பக்கக் கோட்டைச் சுற்றி விரலை மடக்கிப் பிடிக்காதீர்கள், முதுகுப் பக்கமும் இரு கன்னங்களுமாகப் பிடித்து உருவுங்கள்.

கறுப்புக் கறை மரத்தின் டானினும் துருவும் ஈரத்தில் கலந்து வருவது. வாயில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. உறையைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செந்துருத் தூள் விழுந்தால் உள்ளே அலகு அரித்திருக்கிறது. மாவு போன்ற வெளிர்தூள் விழுந்தால் வண்டு, மரத்தில் ஊசித்துளையும் இருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பிரம்பு நாற்காலிக்கும் பரவும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃபிரீசரில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் சாகும்.

பழஞ்சரக்கு:
சிலர் வினிகரில் ஊறவைத்துத் துவைச்சல் கோட்டைப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். கோடு தெரியும், உண்மை, ஆனால் அலகின் பழுப்புநிறப் படலமும் சேர்ந்து போய்விடும். வயசுக்கு மிச்சமிருக்கிற ஒரே அத்தாட்சி அது.

பிடியையும் பாருங்கள். ஒரு கையில் அலகின் முதுகு, மறு கையில் பிடி, மெதுவாக எதிரெதிராகத் திருகுங்கள். 'கிளக்' என்றால் காம்பு (பிடிக்குள் நுழைந்திருக்கும் அலகின் வால்) ஆடுகிறது. காம்பு பிடியின் பின்முனை வரை வந்து அங்கே அடித்து மடக்கியிருந்தால் பலம் அதிகம். உள்ளேயே நின்றிருந்தால் பிசினில்தான் நிற்கிறது, பழுதுபார்ப்பது சுலபம்: குங்கிலியத் தூளைத் துளையில் நிரப்பி, அலகில் ஈரத்துணி சுற்றி, காம்பை மட்டும் சூடாக்கி அழுத்துவது. துணி காய்ந்தால் சூடு கூருக்கு ஏறித் துவைச்சல் போய்விடும், நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிசின் வைத்த கத்தியை வெயிலில் நிற்கும் காடி (கார்) பூட்டில் போடாதீர்கள்.

தோட்டப்புறம்:
இன்று அளந்தேன். 5.2, 3.8, 2.3. கூரில் அரம் இலேசாகக் கடிக்கிறது, முதுகில் நன்றாகவே கடிக்கிறது. திருகினால் லேசான ஆட்டம். தாளில் எதுவும் விழவில்லை. பழைய வளையத் தடம் இல்லை.

கொல்லுலை:
அப்படியானால் நல்ல கத்தி, பழைய கத்தி அல்ல. பழமைக்கான காசைக் கழித்து, காம்பு ஆட்டத்தையும் காட்டி 200க்குக் கேளுங்கள், 230க்கு மேல் ஏறாதீர்கள். வாழைப்பால் பட்ட அலகை உடனே கழுவித் துடைத்து, காய்ந்தபின் பாரஃபின் எண்ணெய் பூசி, அப்புறமே உறையில் செருகுங்கள். மழைக்காலத்தில் உறைக்கு வெளியே வைப்பதே நல்லது.

மரச்சட்டம்:
வாங்கினால் பையில் சுற்றி நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இடுப்பில் செருகிக்கொண்டு தே தாரிக் குடிக்கப் போனால் அலங்காரப் பொருள் என்ற பேச்சு எடுபடாது. ரசீதில் "பழைய விவசாயக் கத்தி" என்று எழுதி வாங்குங்கள்.