தாணே குடும்பக் குழு: ஜெப ஆலய ஆபீஸுக்கு ஒரு வருஷப் பட்டியல்

2 ஆகஸ்ட் 2026, ஞாயிறு

கார்த்தி, 10:12
நாளையில இருந்து யூத ஜெப ஆலய ஆபீஸ் பொறுப்பு என்கிட்ட. ஒரு வருஷத்துக்கான வேலைப் பட்டியல் கேட்டிருக்காங்க. ரோஷ் ஹஷானா (புத்தாண்டு), யோம் கிப்பூர் (விரத நாள்), சுக்கோத் (கூடாரப் பண்டிகை), ஹனுக்கா (விளக்குப் பண்டிகை), பூரிம், பஸ்கா, ஷாவுவோத்னு பண்டிகை வாரியா எழுதியிருக்கேன். பெரியப்பா, ஒரு பார்வை பாருங்க.

பெரியப்பா, 10:20
பண்டிகைக்குக் கூட்டம் தானா வரும்டா. முதல் வரியில "பத்து பேர்"னு எழுது.

பெரியப்பா, 10:27
13 வயசு நிறைஞ்ச ஆண்கள் பத்து பேர் இல்லாம கத்தீஷ் (இறந்தவங்க நினைவா பிள்ளைங்க சொல்ற ஜெபம்) சொல்ல முடியாது, தோரா (வேத) சுருளை எடுத்து வாசிக்கவும் முடியாது. வாசிப்பு சனிக்கிழமை (சப்பாத், அவங்க ஓய்வு நாள்) மட்டும்னு நினைக்காதே. திங்கள், வியாழன் காலையிலயும் உண்டு. யோம் கிப்பூர் அன்னைக்கு நிக்க இடம் இருக்காது. மழை கொட்டுற ஒரு திங்கக்கிழமை, லோக்கல் ட்ரெயின் நின்னுபோனா, ஒன்பது பேர் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பெனே இஸ்ரேல் மக்கள் (மராத்தி பேசுற கொங்கண் யூதர்கள்) காலங்காலமா ரப்பி (யூத மதகுரு) இல்லாமலே நடத்திப் பழகினவங்க. வழிபாட்டை ஹசான் பார்த்துக்குவார், மத்தது கமிட்டி. அதனால ஆள் சேர்க்கிறது ஆபீஸ் தலையிலதான் விழும்.

ப்ரியா, 10:30
அவங்க குரூப்ல "நாளைக்கு ஆள் வேணும்"னு ஒரு மெசேஜ் போட்டா வரமாட்டாங்களா?

பெரியப்பா, 10:41
நாப்பது பேர் பார்ப்பாங்க, நாப்பது பேரும் "வேற யாராவது போவாங்க"ன்னு இருந்துடுவாங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் நினைவு நாள் பதிவேடு. அப்பா அம்மா இறந்த நாள்ல பிள்ளை கத்தீஷ் சொல்லணும், அதுக்குப் பத்து பேர் வேணும். பத்து நாள் முன்னாடி போன் பண்ணு: "உங்க அப்பா நாள் வருது, நீங்களும் அண்ணன் தம்பியும் வந்தா மூணு பேர் ஆச்சு, மீதியை நாங்க பார்த்துக்கறோம்." இந்த மாசம் உனக்காக வந்தவனுக்கு அடுத்த மாசம் நீ போகணும், அந்தக் கணக்குலதான் வார நாள் வழிபாடு ஓடுது. பதிவேட்டுல எந்தத் திங்கள், வியாழன் காலியா இருக்கோ அதுக்கு மட்டும் முறை போட்டு, பக்கத்துத் தெருவுல இருக்கிற நாலு பேரை வெச்சுக்கோ.

ப்ரியா, 10:44
எக்செல்ல இறந்த தேதியைப் போட்டு வருஷா வருஷம் ரிமைண்டர் வர மாதிரி செஞ்சு தரட்டுமா?

பெரியப்பா, 10:58
இங்கிலீஷ் தேதியை வெச்சுப் போட்டா எல்லாம் தப்பாயிடும்மா. நம்ம திதி மாதிரிதான், எபிரேயத் தேதிதான் கணக்கு. ரெண்டு இடத்துல சறுக்கும்.

ஒண்ணு, நாள் சூரியன் மறையும்போதே மாறிடும். 2025 மார்ச் 14 இரவு 8 மணிக்கு இறந்தவர்னு வெச்சுக்கோ. மார்ச் 14 பகல் ஆதார் 14, ஆனா அவர் நாள் ஆதார் 15. அதனால பதிவேட்டுல நேரத்துக்கு ஒரு கட்டம் கட்டாயம். மருத்துவமனைச் சான்றிதழைப் பார்த்து எழுது.

ரெண்டு, வர்ற 5787-ஆம் வருஷம் அதிக மாசம் உள்ளது. 19 வருஷத்துல 7 தடவை வரும், எப்பவும் ஆதார்லதான். ஆதார் 1, ஆதார் 2னு ரெண்டு மாசம் இருக்கும். சாதாரண வருஷத்து ஆதார்ல இறந்தவங்களுக்கு எதுல? செபார்டி (ஸ்பெயின் வழி யூதர்) முறையில ரெண்டாவது ஆதார். பெனே இஸ்ரேல் வழக்கம் பெரும்பாலும் செபார்டிதான். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) முறையில முதல் ஆதார். இணையத்துல இருக்கிற கணக்குக் கருவி எந்த முறையில ஓடுதுன்னு பார்க்காம அச்சடிச்சா, மேல சொன்னவர் நாள் 2027 மார்ச் 24-க்குப் பதிலா பிப்ரவரி 22-னு வரும். முந்தின நாள் சாயங்காலமே நாள் தொடங்கிடும்னு போன்லயும் சொல்லு, இல்லேன்னா மறுநாள் ராத்திரி வந்து நிப்பாங்க.

ப்ரியா, 11:02
அப்போ கட்டங்கள்: பெயர், தந்தை பெயர், இறந்த தேதி, நேரம், எபிரேயத் தேதி, இந்த வருஷம் வர்ற தேதி, முந்தின மாலை, யாருக்குப் போன், கூட எத்தனை பேர். சரியா?

பெரியப்பா, 11:04
"ஹசான் சரிபார்த்தார்"னு இன்னொரு கட்டம்.

கார்த்தி, 11:10
ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13. அதுக்கு முன்னாடி என்னென்ன?

பெரியப்பா, 11:22
அதுக்கு முன்னாடி எலூல் மாசம் இருக்கு, ஆகஸ்ட் 14 தொடக்கம். செலிகோத் (மன்னிப்பு கேக்கிற) ஜெபம் எலூல் 2 முதல் யோம் கிப்பூர் வரைக்கும் விடியற்காலையில. இந்த வருஷம் எலூல் 2 சனிக்கிழமை, அன்னைக்குச் செலிகோத் சொல்றதில்ல, அதனால ஆகஸ்ட் 16 ஞாயிறு ஆரம்பம். வாட்ச்மேன்கிட்ட சாவி, டீ, ஷோஃபார் (ஆட்டுக்கொம்பு) ஊதுறவர், மூணையும் இந்த வாரமே பேசிடு.

ரோஷ் ஹஷானா முதல் நாள் இந்தத் தடவை சனிக்கிழமை. சனிக்கிழமை ஷோஃபார் ஊதமாட்டாங்க. ஞாயிறு மட்டும்தான். நூறு முழக்கமும் அன்னைக்கே. குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் மட்டும் வர்ற குடும்பங்கள் சனிக்கிழமை வந்து ஏமாந்து போகும். நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடு. சுக்கோத் முதல் நாளும் (செப்டம்பர் 26) சனிதான், அன்னைக்கு லுலாவ் (பேரீச்சைக் குருத்தோலைக் கட்டு) எடுக்கிறதில்ல.

சுந்தர் மாமா, 11:30
கரண்ட் விஷயம் நான் சொல்றேன். வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைஞ்சா அவங்க ஸ்விட்சைத் தொடமாட்டாங்க. நம்ம மாதிரி வேற மதத்து ஊழியரைக் கூப்பிட்டு "போடு, அணை"னு சொல்றதையும் தவிர்ப்பாங்க. வெள்ளி மத்தியானமே எல்லாம் முடிஞ்சிருக்கணும். டைமர் போட்டா, கரண்ட் போய் வந்தப்புறம் அதோட மணி பிந்திடும். பேட்டரி உள்ள டைமரா வாங்கு. இன்வெர்ட்டர் தானா மாறுதான்னு மெயினை அணைச்சுச் சோதிச்சுப் பார். கழிவறை லைட் ஸ்விட்ச் மேல டேப் ஒட்டிடு, பழக்க தோஷத்துல கை போகும்.

சுந்தர் மாமா, 11:34
இன்னொண்ணு. அன்னைக்கு மைக் கிடையாது. பெடஸ்டல் ஃபேன் நாலு சுத்தினா மேல் மாடியில பெண்களுக்கு ஹசான் குரல் கேக்காது. சீலிங் ஃபேனை நடு வேகத்துல வெச்சு, கீழ ஒருத்தரை வாசிக்கச் சொல்லி, மேல போய் நின்னு கேட்டுப் பார். அப்புறம் ரெகுலேட்டரைத் தொடாதே.

பெரியப்பா, 11:47
யோம் கிப்பூருக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம். செப்டம்பர் 20 ஞாயிறு மாலை தொடங்கி 21 திங்கள் இரவு வரைக்கும் 25 மணி நேர விரதம். மும்பைப் பக்கம் அப்போ சூரியன் மறையறது ஆறரை மணி தாண்டி. அதுக்கு முன்னாடி எல்லாரும் உள்ள இருக்கணும், கோல் நித்ரே (யோம் கிப்பூரோட முதல் ஜெபம்) வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கும். பேழை (சுருள் வைக்கிற அலமாரி) திரை, சுருள் உறை, மேடை விரிப்பு எல்லாம் வெள்ளைக்கு மாறணும். போன வருஷம் மடிச்சு வெச்சது மழைக்குப் பூஞ்சை பிடிச்சிருக்கும், இந்த வாரமே எடுத்துத் துவைக்கப் போடு. தோல் செருப்பு போடமாட்டாங்க, ஆனா தெருவுல போட்டுக்கிட்டு வர்றவங்க இருப்பாங்க, வாசல்ல ரேக் வேணும். சர்க்கரை நோயாளி மாத்திரை போட்டுத் தண்ணி குடிக்க ஒரு தனி அறை. அவங்க கூச்சப்பட்டு வெளிய வரமாட்டாங்க, ஹசானே அறிவிச்சாதான் போவாங்க.

எண்ணெய் விளக்குக் கிளாஸ்: அடியில தண்ணி, மேல எண்ணெய், மிதக்கும் திரி. எண்ணெய் தீர்ந்தா திரி தண்ணியைத் தொட்டு அணைஞ்சிடும், கிளாஸ் வெடிக்காது. எவ்வளவு எண்ணெய் 25 மணி நேரம் நிக்கும்னு இப்பவே ஒரு கிளாஸ் கொளுத்திப் பார். திரிக்குத் திரி மாறும்.

கார்த்தி, 11:50
சுருள் எல்லாம் ஹசான் பார்த்துக்குவாரா?

பெரியப்பா, 12:03
சுத்தி வைக்கிறது அவர். நினைவுபடுத்துறது நீ. பண்டிகை நாள்ல ரெண்டு இடத்துல வாசிப்பு. ரோஷ் ஹஷானா முதல் நாளுக்கு ஆதியாகமம் 21, ரெண்டாம் நாளுக்கு 22, அப்புறம் எண்ணாகமம் 29. யோம் கிப்பூருக்கு லேவியராகமம் 16, அப்புறம் அதே எண்ணாகமம் 29. ஒரே சுருளை வெச்சு நடுவுல சுத்த ஆரம்பிச்சா, பட்டினியில இருக்கிற ஜனம் கால் மணி நேரம் நிக்கும். அதனால ரெண்டு சுருள், முன்கூட்டியே இடம் பிரிச்சு வெச்சது. சிம்ஹாத் தோராவுக்கு (வருஷ வாசிப்பு முடிஞ்சு திரும்பத் தொடங்குற நாள், அக்டோபர் 4) மூணு: உபாகமம் கடைசி, ஆதியாகமம் ஆரம்பம், எண்ணாகமம். மரக்கூட்டுச் சுருள்னா ஒருத்தர் கூட்டைப் பிடிக்கணும், ஒருத்தர் மேல் குமிழைத் திருப்பணும். தோல் மேல விரல் படக்கூடாது, சுட்டுக்கோல்தான்.

பேழைக்குள்ள சிலிக்கா ஜெல் வை. நீல மணி ரோஸ் ஆயிட்டா மாத்து. பிளாஸ்டிக் சுத்தாதே, ஈரம் உள்ளேயே நின்னு மை உரியும். ஒரு எழுத்து உடைஞ்சாலும் அந்தச் சுருள் வாசிப்புக்கு ஆகாது. அப்படி ஒதுக்கினதுக்கு வெளிய ஒரு நாடா கட்டி வை, இல்லேன்னா அவசரத்துல அதையே தூக்கிடுவாங்க.

ப்ரியா, 12:06
ஏலம் விடுவாங்களாமே, பேழை திறக்க, சுருள் தூக்க? பண்டிகை அன்னைக்கு எழுதக்கூடாதுன்னா யார் எவ்வளவு சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?

பெரியப்பா, 12:15
நல்ல கேள்வி, பாதிப் பணம் போறதே அங்கதான். குடும்பத்துக்கு ஒரு அட்டை, பேர் முன்னாடியே அச்சடிச்சு அகர வரிசையில பெட்டியில. அட்டை ஓரத்துல தொகைகள் வெட்டுப் பட்டையா இருக்கும், சொன்ன தொகைப் பட்டையை மடிச்சுவிட்டாப் போதும். எந்த மரியாதைக்குன்னு காட்ட வண்ணக் கிளிப். பண்டிகை முடிஞ்ச ராத்திரியே பேரேட்டுல ஏத்திடு, ரசீது அந்த வாரத்துக்குள்ள. டிரஸ்ட் கணக்கு மார்ச் 31-ல முடியுது, எபிரேய வருஷம் செப்டம்பர்ல. செப்டம்பர்ல சொன்ன பணம் ஏப்ரல்ல வந்தா ஆடிட்டர் கேப்பார். மார்ச்சுக்குள்ள வசூல் பண்ணு.

லதா அத்தை, 12:20
சாப்பாட்டை யாருமே கேக்கலியே. கித்தூஷுக்கு (கோப்பையைப் பிடிச்சுச் சொல்ற ஆசீர்வாதம்) கோஷர் (யூத உணவு விதிப்படி செஞ்ச) ஒயின் எப்பவும் கிடைக்காது, கிஸ்மிஸ் சர்பத்துதான். கறுப்பு கிஸ்மிஸ் கால் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணி. நல்லாக் கழுவி, ராத்திரி ஊற வெச்சு, காலையில கொதிக்கவிட்டு, ஆறினதும் பிசைஞ்சு துணியில வடிகட்டு. சர்க்கரை வேண்டாம். வெள்ளிக்கிழமை செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வை. வெளிய இருந்தா நுரைச்சுடும்.

லதா அத்தை, 12:26
மலீதாங்கிற அவல் இனிப்புக்கு அவல் ஒரு கிலோ, தேங்காய் ரெண்டு துருவினது, சர்க்கரை 350 கிராம், ஏலக்காய் பத்து, முந்திரி, திராட்சை. மேல பழம் அடுக்கணும். எலியாகு தீர்க்கதரிசிக்கான ஜெபம் முடிஞ்சு பகிர்றதால கல்யாணம், புதுமனை, நேர்த்திக்கடன் எல்லாத்துக்கும் வரும். அவலை அலசினதும் உடனே வடி. ஊற விட்டா கூழ். பால், நெய் சேர்க்காதே, பின்னாடி கறிச் சாப்பாடு வெச்சிருந்தா அவங்களால சாப்பிட முடியாது. அவலைத் தட்டுல பரப்பிப் புழு பார்த்துடு, மழைக்காலத்துச் சாமான்.

பெரியப்பா, 12:34
சுக்கோத்: லுலாவோட சேர்த்துப் பிடிக்கிற எத்ரோக் (எலுமிச்சை வகை) பழம் இஸ்ரேல்ல இருந்து வரணும், இப்பவே ஆர்டர். செடி கொடி சரக்குன்னு சுங்கத்துல நின்னா காய்ஞ்சிடும், தாளெல்லாம் முன்னாடியே அனுப்பு. பழத்தோட நுனிக் குமிழ் உடைஞ்சா வீண். கூடப் பிடிக்கிற மிர்ட்டில் கிளையை ஈரத் துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வை. வில்லோ கிளை ரெண்டு மூணு நாள்ல கறுத்துடும், மாத்து வெச்சுக்கோ. கூடாரத்துக்கு மேல வெட்டின தென்னை ஓலைதான், மரத்தடியிலயோ பால்கனி அடியிலயோ போடாதே. செப்டம்பர் கடைசியில மழை இருக்கும். தார்ப்பாயை ஓலைக்கு மேல உருட்டி விரிக்கிற மாதிரி கட்டு. உட்கார்ந்து சாப்பிடும்போது அது விலகியிருக்கணும், விரிச்சிருந்தா அது கூடாரக் கணக்குல வராது. மழை பெஞ்சா உள்ள போய்ச் சாப்பிடலாம், அதுக்கு அனுமதி உண்டு.

ஹனுக்கா டிசம்பர் 4 வெள்ளி. சப்பாத் விளக்குக்கு முன்னாடி ஏத்தணும், எண்ணெய் கூடுதல். பூரிம் மார்ச் 23. பஸ்கா ஏப்ரல் 21 மாலை, மாட்சாவுக்கு (புளிக்காத ரொட்டி) ஜனவரியிலயே சொல்லிடு.

லதா அத்தை, 12:37
பஸ்காவுக்கு இவங்க அரிசி சாப்பிடுவாங்க. ஆனா மூணு தடவை பொறுக்கணும், ஒரு கோதுமை மணி இருக்கக்கூடாது. அரிசி மூட்டையையே கோதுமை வைக்காத இடத்துல இறக்கு.

கார்த்தி, 12:41
போலீஸ்?

பெரியப்பா, 12:46
2008-ல மும்பை நரிமன் ஹவுஸ் யூத மையத்துல நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்கு அப்புறம் அதை விட்டுத் தள்ளவே முடியாது. மூணு வாரம் முன்னாடி ஸ்டேஷனுக்குக் கடிதம்: தேதி, தொடக்க முடிவு நேரம், எத்தனை பேர், யார் பொறுப்பு. முத்திரை போட்ட நகலை வாங்கி வெச்சுக்கோ. வாசல்ல பையைப் பார்க்க உள்ளூர் முகம் தெரிஞ்ச ஒருத்தர். இஸ்ரேல்ல இருந்து லீவுக்கு வர்ற பிள்ளைங்களைத் தெரியாதவங்கன்னு நிறுத்திட்டா சண்டை.

வயசானவங்க போன்ல "தார்ஃபாள்ணி எப்போ"ன்னு கேட்டா யோம் கிப்பூர், "நவ்யாசா சண்"னா ரோஷ் ஹஷானா. நோட்டீஸ்ல அந்தப் பேரையும் போடு.

ப்ரியா, 12:50
ஷீட் ரெடி. பழைய நோட்டுல நேரம் எழுதாத பேர் நிறைய இருந்தா என்ன பண்றது?

பெரியப்பா, 12:53
அந்தக் குடும்பங்களுக்குத்தான் முதல் போன். நேரத்தைக் கேட்டுக்கோ, அப்படியே ஆகஸ்ட் 16 விடியற்காலைக்கு ரெண்டு பேரையும் கேட்டுடு.