கும்பகோணம் வெயிலில் ஃபிலிம் கழுவுவது எப்படி?

அரசலாறு:
வீட்டிலேயே எச்பி5 பிளஸ் கருப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவலாம் என்று இருக்கிறேன். சித்திரையில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது, படத்தை வரவைக்கும் டெவலப்பரான டி-76க்கோ 20 டிகிரி என்கிறார்கள். ஐஸ் போட்டே தீரணுமா? அப்புறம் சில பிரிண்டுகளை செபியா (பழுப்பு நிறம்) ஆக்கவும் ஆசை.

டெல்டாக்காரன்:
20-ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம், 24-க்கு இறக்கினால் போதும். டி-76இல் சரிபாதி தண்ணீர் கலந்தால் 20-ல் 11 நிமிடம், 24-ல் ஏறக்குறைய 8. தண்ணீர் கலக்காமல் விட்டால் 24-ல் நேரம் 5 நிமிடத்தை ஒட்டி வந்துவிடும், படம் திட்டுத் திட்டாக விழலாம். ஐஸை டெவலப்பரில் போடாமல் பாட்டிலை ஐஸ் வாளியில் நிற்க வையுங்கள். ஃபிக்சரும் (படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்) அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

மன்னார்குடி ஆள்:
செபியாவுக்கு முன் பிரிண்டை நன்றாக அலசுங்கள் சார். ஹைப்போ, அதாவது ஃபிக்சர், மிச்சமிருந்தால் செபியாவுக்கு முதலில் படத்தை வெளுக்க வைக்கும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு படத்தையே தின்றுவிடும், போன வெளிர் பகுதி திரும்பாது. பிறகு பழுப்பாக்கும் சோடியம் சல்ஃபைடு அழுகின முட்டை நாற்றம், பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வருவார். அந்த ஆவி புதுப் பேப்பரையும் கெடுக்கும். அதற்குப் பதில் தயோயூரியா டோனர் வாங்குங்கள், கையுறையோடு.

அரசலாறு:
போர் தண்ணீர் உப்பு, பரவாயில்லையா?

டெல்டாக்காரன்:
அலசலாம். ஃபிலிமுக்குக் கடைசி முக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில்.