வங்கி ஆண்டறிக்கையில் தேய்மானம்: இரண்டு இடத்தில் இரண்டு தொகை, எதை எடுப்பது?

மாறன்:
இரண்டு நாளாக ஒரு பிராந்திய வங்கியின் ஆண்டறிக்கையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறேன். லாப நட்டக் கணக்கில் தேய்மானம் (கட்டிடம், உபகரணத்தின் விலையை அவை உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் செலவு) என்ற வரியே இல்லை. கட்டிடம், தளவாடம் பற்றிய குறிப்பில் ஒரு தொகை இருக்கிறது, பணம் வந்து போனதைக் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையில் தேய்மானத்தையும் அமார்டைசேஷனையும் (கட்டிடம், தளவாடம் அல்லாதவற்றின் மதிப்பைப் பல ஆண்டுகளில் பிரித்துக் குறைப்பது) சேர்த்துப் போட்ட தொகையோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எது சரி? தொழிற்சாலை நிறுவனங்களுக்குச் செய்வதுபோல வட்டி, வரியோடு இதையும் லாபத்தில் கூட்டிப் பார்க்கலாமா?

பேரேடு:
குறிப்பில் இருப்பதுதான் நீங்கள் தேடும் தொகை. லாப நட்டக் கணக்கிலும் அது இருக்கிறது, கட்டிடச் செலவு, உபகரணச் செலவு என்று வட்டி சாராத செலவுகளுக்குள் பிரிந்து கிடக்கும். கேஷ் ஃப்ளோவில் தொகை பெருத்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், வங்கி வாங்கி வைத்திருக்கும் கடன் பத்திரங்களின் பிரீமியம். முகமதிப்பு 100 உள்ள பத்திரத்தை 103 கொடுத்து வாங்கினால் முதிர்வில் 100தான் திரும்பி வரும், அதனால் அந்த 3ஐ மீதிக் காலம் முழுக்கப் பிரித்து வட்டி வருமானத்திலேயே கழித்துக்கொண்டு வருவார்கள். கிளைக் கட்டிடம் தேய்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம், இன்னொரு வங்கியை வாங்கியிருந்தால் அதன் டெபாசிட் வாடிக்கையாளர்களுக்குப் போட்ட மதிப்பை ஆண்டுதோறும் குறைப்பதும் அதே வரியில் சேர்ந்திருக்கலாம்.

கூட்டிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தொழிற்சாலைக்கு மூலப்பொருள் செலவு எப்படியோ, வங்கிக்கு அது கொடுக்கும் வட்டி அப்படி. அதைத் திருப்பிக் கூட்டினால் மிஞ்சுகிற எண் எதையும் சொல்லாது.

தணிக்கைத்தோழி:
பேரேடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், வாடகைக் கிளைகளைப் பாருங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள, குத்தகைகளுக்கான சர்வதேசக் கணக்கு விதியான ஐஎஃப்ஆர்எஸ் 16படி, நீண்ட காலக் குத்தகை வாடகை செலவில் வாடகையாகவே வராது. பயன்பாட்டு உரிமை என்று ஒரு சொத்தைக் காட்டி அதற்குத் தேய்மானம் போடுவார்கள், குத்தகைக் கடனுக்கான வட்டி தனியாகப் போகும். அமெரிக்கக் கணக்கு விதியில் பெரும்பாலான கிளைக் குத்தகைகள் ஒரே வாடகைச் செலவாகவே நிற்கின்றன. ஆகவே இரண்டு விதிகளில் கணக்கு எழுதும் வங்கிகளின் தேய்மானத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

மாறன்:
இருவருக்கும் நன்றி, குறிப்பைத் திரும்பப் பார்த்தேன், பத்திரப் பிரீமியம்தான். ஆனால் கட்டிடத் தேய்மானமும் இந்த ஆண்டு ஏறியிருக்கிறது, புதிதாக எதையும் வாங்கியதாகத் தெரியவில்லையே?

பேரேடு:
கிளைகளை மூடப் போகிறார்களா என்று தேடுங்கள். இன்னும் 10 ஆண்டு ஓடும் என்று நினைத்த உள்அலங்காரமும் லாக்கர் அறையும் 2 ஆண்டில் கைவிடப்படும் என்றால், மீதி மதிப்பு முழுவதையும் அந்த 2 ஆண்டுக்குள் எழுதித் தீர்க்க வேண்டும். கட்டிடம், உபகரணம் போன்ற சொத்துகளுக்கான சர்வதேசக் கணக்கு விதியான ஐஏஎஸ் 16 ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் ஆயுட்காலத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. இது மதிப்பீட்டு மாற்றம் என்பதால் பழைய ஆண்டுக் கணக்குகளைத் திருத்த மாட்டார்கள், மாற்றிய ஆண்டிலிருந்துதான் சுமை ஏறும். முக்கியக் கணக்குக் கொள்கைகள் பகுதியில் கட்டிடத்துக்கு எத்தனை ஆண்டு, கணினிக்கு எத்தனை ஆண்டு என்று போட்டிருப்பார்கள், போன வருட அறிக்கையை எடுத்து அந்த இரண்டு பத்தியையும் ஒத்துப் பாருங்கள். ஆண்டுகள் மாறாமலே தேய்மானம் ஏறியிருந்தால், மூடும் கிளைகள் பற்றி நிர்வாக அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.