புதுப்பிப்பு: ஷூட்டர் எக்ஸ்பான்ஷன்கள், முன்பு விட்டுப்போனவை

ஷூட்டர் எனும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களில் மேப் பேக் விற்பனை, அதாவது புதிய களங்களைத் தனிக் காசுக்கு விற்பது, ஆட்டக்காரர்களைப் பிரிக்கிறது என்று முன்பு எழுதியதற்கு, "இப்போதுதான் மேப் இலவசமாயிற்றே, இன்னும் என்ன புலம்பல்?" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான்.

பேட்டில்ஃபீல்டு 4-க்கு ஐந்து எக்ஸ்பான்ஷன்கள் (புதிய மேப், கதை போன்றவற்றைச் சேர்க்கும் கூடுதல் பகுதிகள்) வந்தன. சர்வரில் மேப்கள் மாறி மாறி வரும்போது எக்ஸ்பான்ஷன் மேப் வந்தால் வாங்காதவருக்கு இடமில்லை. 64 பேர் ஆட வேண்டிய களம் காற்று வாங்கும். டைட்டன்ஃபால் 2 (2016) மேப்களை இலவசமாக்கியது. அந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது, ஷூட்டர்களின் வருமானம் பொதுவாக ஸ்கின் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்), பேட்டில் பாஸ் (ஆட ஆடப் பரிசு தரும் கட்டணச் சீட்டு) பக்கம் போனது.

இப்போதைய கோபம் வேறு: காசு கொடுத்ததே காணாமல் போகிறது. டெஸ்டினி 2-வில் 2020 நவம்பரில் ரெட் வார் எனும் முதல் கதையும், மார்ஸ், மெர்குரி, ஐயோ, டைட்டன் ஆகிய ஆட்ட இடங்களும் எடுக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃபோர்சேக்கன் எக்ஸ்பான்ஷனின் கதையும் போயிற்று. ஆட்டத்தின் அளவு பெருத்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பழைய எக்ஸ்பான்ஷனைத் தள்ளுபடியில் பார்த்தால், அதிலுள்ள கதை இன்னும் ஆடக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்டீம் எனும் இணைய ஆட்டக் கடையில் வாங்கிய எக்ஸ்பான்ஷனுக்குப் பணம் திரும்ப வேண்டுமென்றால் வாங்கிய 14 நாளுக்குள் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு மூல ஆட்டத்தை ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். லாபியில் (ஆட்டம் தொடங்குமுன் நிற்கும் திரை) சும்மா காத்திருப்பது, ஆட்டத்துக்குள் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாராவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கதாபாத்திரத்தின் லெவலை நிரந்தரமாக உயர்த்தும் சில பேக்குகளுக்கு ரீஃபண்டே கிடையாது. கடைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.