இடைக்கால ஜீவனாம்சம்: எதிர்த்தரப்பு வருமான விவரமே தாக்கல் செய்யவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். என் தங்கை மீது அவள் கணவர் விவாகரத்து வழக்கு போட்டிருக்கிறார். இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு நாங்கள் மனு போட்டோம். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இங்கே வாய்தா மேல் வாய்தா. பள்ளிக்குப் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எத்தனை நாள் கடன் வாங்குவாள்?

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதற்கு இரண்டு வாய்ப்புக்கு மேல் கூடாது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் இழுத்தடிப்பவர் தரப்பு வாதத்தையே நீதிமன்றம் நீக்கலாம். ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. தங்கை தன் பத்திரத்தைக் கொடுத்துவிட்டாள். அவர் இன்னும் கொடுக்கவில்லை; வேலையை விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்வதோடு சரி.

தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் யாராவது வாதத்தை நீக்கச் சொல்லித் தனி மனு போட்டு உத்தரவு வாங்கியிருக்கிறீர்களா? வங்கிக் கணக்கு, வருமான வரி விவரங்களை நீதிமன்றம் மூலம் வரவழைக்க எப்படிக் கேட்பது?

அப்புறம் இன்னொன்று. மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, எஃப்ஐஆர் அல்ல) மட்டும்தான் தந்தார்கள். சீதன நகையைத் திரும்பப் பெற அது போதுமா? பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது தெரியும். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞர் வைத்து நடத்தியவர்கள் அவசியம் சொல்லுங்கள், அடுத்த வாய்தாவுக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும்.