ஹட்டன் பக்கம் பெர்சனல் டிரெய்னர்: காசு கட்டுமுன் எதைப் பார்ப்பது?

கொட்டகலை வாணி:
வயது 43. சீனிக்கு மெட்ஃபோர்மின், பிரஷருக்கு அட்டெனொலோல் குடிக்கிறேன். உடற்பயிற்சி செய்யலாம் என்று டொக்டர் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தந்துவிட்டார். டவுன் ஜிம்மில் ஒருவர் மூன்று மாதக் காசை முற்பணமாகக் கேட்கிறார். உடற்கட்டுப் போட்டியில் கப் எடுத்தவராம். கண்டியில் ஒரு பெண் பயிற்றுவிப்பாளர் வட்ஸ்அப் வீடியோவில் வாரம் மூன்று வகுப்பு எடுக்கலாம் என்கிறார். யாரைப் பிடிப்பது? முதலில் என்ன கேட்பது?

மலைப்பாதை:
தன் உடம்பை வளர்க்கத் தெரிந்தவர் என்பதற்கு மட்டும்தான் கப் சாட்சி. சீனியும் பிரஷரும் உள்ளவரைப் பழக்குவது வேறு படிப்பு. சான்றிதழின் மூலப்பிரதியைக் கேளுங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) என்றால் எந்தத் துறை, எத்தனையாம் மட்டம் என்று பாருங்கள். ஏஸ், என்.ஏ.எஸ்.எம். போன்ற வெளிநாட்டுச் சான்றிதழ்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் தந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் பயிற்றுவிப்பாளர் பெயரைப் போட்டால் இப்போது செல்லுபடியா என்று தெரிந்துவிடும். சி.பி.ஆர். (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) பழகிய அட்டையையும் கேளுங்கள். கேட்டதுக்கே முகம் சுழித்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

பதுளை பிசியோ:
வாணி அக்கா, சான்றிதழை விட உங்கள் மருந்துதான் இங்கே பெரிய விசயம். கிளினிக் புத்தகத்தையே பயிற்றுவிப்பாளர் கையில் கொடுத்து, மருந்து எழுதிய பக்கத்தில் நின்று வாசிக்கிறாரா என்று பாருங்கள். அட்டெனொலோல் இதயத்துடிப்பை ஏறவிடாது. 220இல் வயதைக் கழித்து, துடிப்பு 177இல் இத்தனை வீதம் வரும்வரை ஓடுங்கள் என்று ஒருவர் சொன்னால் மருந்துப் பட்டியலை அவர் வாசிக்கவில்லை. உங்களுக்குப் பேச்சுதான் அளவுகோல்: வசனம் பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது.

மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் பயிற்சியில் சீனி கடுமையாக விழுவது அரிது. நாளைக்கு கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசையோ இன்சுலினோ சேர்ந்தால் கதை மாறும். அப்போது தொடங்குமுன் சீனி 90 mg/dLக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாச்சத்து எடுக்கவேண்டும். ஒரு வாழைப்பழம் அந்தக் கணக்குக்குள் வரும். இன்னொன்று, சீனி விழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அட்டெனொலோல் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. நம்ம பக்கத்துக் குளிரில் காரணமில்லாமல் வியர்வை கொட்டினால் உடனே நிறுத்தத் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கச் சொல்பவர் வேண்டாம், பிரஷர் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடவேண்டும். அன்றைக்கு மேலெண் 180ஐயோ கீழெண் 110ஐயோ தாண்டினால் வகுப்பே கிடையாது.

நானுஓயா:
ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கட்டிப் பாருங்கள். முதல் கால் மணி நேரம் பயிற்றுவிப்பாளர் கேள்விதான் கேட்கவேண்டும்: நெஞ்சு வலி, தலைச்சுற்று, மூட்டு, மருந்து. பிறகு கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போல இலேசானதைச் செய்யவிட்டு முழங்கால் உள்ளே மடிகிறதா என்று பார்ப்பார். தொடக்கத்துக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு 10 முதல் 12 தடவை, இன்னும் இரண்டு மூன்று செய்யலாம் என்ற நிலையில் நிறுத்தினால் போதும். முதல் நாளே நூறு ஸ்குவாட் செய்ய வைப்பது வீரமில்லை. இரண்டொரு நாளில் தசை வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வீட்டுக்குப் படி இறங்கிப் போகிறீர்களா என்று அவர் கேட்டால் நல்ல அறிகுறி. தொடையை நோகவைப்பது ஏற்றத்தை விட இறக்கம்தான். அதையும் கணக்கில் எடுத்துத்தான் கால் பயிற்சி தரவேண்டும்.

பெயர் ஒட்டாத பொதியில் புரோட்டீன் பவுடர் விற்றால் வாங்காதீர்கள்.

கொட்டகலை வாணி:
நன்றி. கண்டிக்காரரையே முதலில் பார்க்கிறேன். போனை எங்கே வைப்பது? காசை எப்படிப் பேசுவது?

மலைப்பாதை:
போனை இடுப்பு உயரத்தில், இரண்டு மீற்றர் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். முகத்துக்கு நேரே வைத்தால் முதுகு வளைவது அவருக்குத் தெரியாது. ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. விடியற்காலை வகுப்பென்றால் உடம்பு சூடாக்கவே பத்து நிமிடம் வேண்டும், அது வகுப்பு நேரத்துக்குள் சேருமா என்று கேளுங்கள்.

காசை நான்கு வகுப்புக்கு ஒருதடவை கட்டுங்கள், மூன்று மாதம் வேண்டாம். எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் வகுப்பு கழியாது, அவர் வராவிட்டால் என்ன, கரன்ட் போனாலோ சிக்னல் விழுந்தாலோ வேறு நாள் தருவாரா, இதெல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்தில் வரட்டும். ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் என்ன பாரம், எத்தனை சுற்று, எத்தனை தடவை என்று அவரே எழுதி அனுப்பவேண்டும். ஆளை மாற்றினாலும் அந்தக் குறிப்பு உங்களிடம் இருக்கும்.